மாப்பிள்ளையின் இயல்புக்கு ஏற்ற பேச்சிலர் பார்ட்டி: கடலூர், புதுச்சேரி நண்பர்களின் யோசனை வேண்டும்

மஞ்சக்குப்பத்து நண்பன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பள்ளித் தோழனுக்குத் தை மாதக் கடைசியில் திருவந்திபுரத்தில் திருமணம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்த ஒன்பது பேர் இன்றும் தொடர்பில் இருக்கிறோம். அந்த ஒன்பது பேரில் அவன்தான் கடைசியாகத் திருமணம் செய்துகொள்பவன் என்பதால், பேச்சிலர் பார்ட்டி ஒன்றைச் சிறப்பாக நடத்த வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளை வள்ளலார் வழியில் வளர்ந்தவன். அசைவம் இல்லை, மது இல்லை, கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஒத்துவராது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பதால் உறக்கமே அவனுக்குப் பெரிய சொத்து. நீச்சல் தெரியாது. எங்கள் குழுவில் நான்கு பேர் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்கள் புதுச்சேரியில் கடற்கரை ஓரமாக ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள் தங்கிக் குடித்துக் கொண்டாடலாம் என்கிறார்கள். அதோடு இரண்டு பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு இப்போது வேலை இல்லை. டிசம்பர் கடைசி வாரமா, ஜனவரி முதல் வாரமா என்பதும் முடிவாகவில்லை.

அவனிடமே கேட்டால், "எனக்கு எதுவும் வேண்டாம், எல்லோரும் வந்தால் போதும்" என்கிறான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எப்படித் திட்டமிடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

நண்பரே, முதலில் என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா மகனுக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு இதே போல ஒரு பார்ட்டி ஏற்பாடு செய்தோம். அவனும் அமைதியானவன்தான். "சர்ப்ரைஸ்" என்ற பெயரில் எதையும் சொல்லாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். முன்பதிவு செய்த விடுதியில் நான்கு அறைகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் இரண்டு அறைகளே தந்தார்கள். பதினொரு பேர் இரண்டு அறையில் இருந்தால் எவன் உறங்குவான்? நள்ளிரவில் அவனைத் தூக்கி நீச்சல் குளத்தில் போட்டார்கள். அவன் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதை விட்டுத்தள்ளுங்கள். ஏறி வரும்போது குளத்து ஓரத்தில் முழங்கால் உரசி, இரண்டு காலிலும் தோல் பிய்ந்துவிட்டது.

நான்காம் நாள் நலங்கு. மனையில் சம்மணமிட்டு உட்கார முடியாமல் அவன் பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன். புண்ணின் ஓரத்தில் மஞ்சள் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு, அத்தை, மாமி எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். குளத்தில் போட்ட காணொளியை ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். அது பெண்ணின் தாய்மாமன் வரை போய்ச் சேர்ந்து, "மாப்பிள்ளை குடிப்பாரா?" என்ற விசாரணையில் முடிந்தது. குடிக்காத பையனுக்கு அந்தக் கேள்வி வந்தது எங்களால்தான்.

ஆகவே இரண்டு கட்டுப்பாடுகளை முதலிலேயே வைத்துவிடுங்கள். அவனைத் தூக்குவது, தள்ளுவது, கட்டிப்போடுவது போன்ற எதுவும் கூடாது. படம் எடுப்பவர்கள் அன்றைக்கு எதையும் எங்கும் பகிரக் கூடாது.

பெங்களூரில் பண்ருட்டிக்காரன் எழுதியது:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வெளியூரில் இருந்து வருகிற அந்த நான்கு பேரின் நிலையில் நான் இருந்திருக்கிறேன். விடுப்பு எடுத்து, இரவுப் பேருந்தில் உட்கார்ந்து, பணம் செலவழித்து வருகிறவனுக்கும் அந்த இரண்டு நாள் ஒரு கொண்டாட்டம்தான். குடும்பம், கடன், வேலை என்று வருடம் முழுவதும் ஓடுகிறவர்கள் பழைய நண்பர்களோடு கூடும்போது கொஞ்சம் குடிக்க ஆசைப்படுவது குற்றமா? மாப்பிள்ளை குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. அவன் பழச்சாறு குடிக்கட்டும், மற்றவர்கள் அவரவர் விருப்பப்படி இருக்கட்டும். அவனே "எல்லோரும் வந்தால் போதும்" என்கிறான். எல்லோரும் வருவதற்கு ஏதாவது ஓர் ஈர்ப்பும் வேண்டுமல்லவா?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா எழுதியது:

பண்ருட்டித் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் குடிக்காதவன் ஒருவன் குடிக்கிற எட்டுப் பேருக்கு நடுவே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் பேச்சு நன்றாக இருக்கும். பிறகு அவர்கள் பேசுவது அவர்களுக்கு மட்டுமே வேடிக்கையாக இருக்கும். பத்து மணிக்கு மேல் அவன் சாப்பாடு பரிமாறுபவனாகவும், வாந்தி எடுப்பவனைத் தாங்கிப் பிடிப்பவனாகவும், கடைசியில் வண்டி ஓட்டுபவனாகவும் ஆகிவிடுவான். என் கணவர் அப்படிப்பட்டவர். அவருடைய பேச்சிலர் பார்ட்டியைப் பற்றி இன்றைக்கும் அவர் சொல்வது, "எல்லோரையும் பத்திரமாக வீட்டில் விட்டேன்" என்பது ஒன்றைத்தான். தன் பெயரில் நடந்த விருந்தில் அவருக்கு அதுதான் மிச்சம்.

மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன். "என்ன வேண்டும்" என்று கேட்டால் இப்படிப்பட்ட பிள்ளைகள் "எதுவும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் பிறருக்குச் செலவு வைக்கக் கூசுவார்கள். கேள்வியை மாற்றுங்கள். "எது நடந்தால் உனக்குப் பிடிக்காது? யார் கட்டாயம் இருக்க வேண்டும்? எத்தனை மணிக்கு நீ படுக்க வேண்டும்?" என்ற மூன்றையும் தனித்தனியாக, டீக்கடையில் நிற்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பிடிக்காததைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது. அவன் வேண்டாம் என்பதை எல்லாம் கழித்துவிட்டு மீதம் இருப்பதில் இருந்து நீங்கள் தொடங்கலாம். அதற்குள் வேண்டுமானால் ஒரு சர்ப்ரைஸ் வையுங்கள், தேதியையும் இடத்தையும் மட்டும் அவனிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. பந்தக்கால் நட்ட பிறகு அவன் வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும், அவனைத் தேடுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்ட விடமாட்டார்கள். ஆகவே எதுவாக இருந்தாலும் அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். போகிற விஷயத்தை அவன் அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மகன் எங்கே போகிறான் என்று அந்த அம்மா கலங்காமல் இருக்க வேண்டும்.

பாரிஸில் ஒரு புதுச்சேரியான் எழுதியது:

நல்ல இழை. எங்கள் குடும்பம் குருசுக்குப்பத்தில் இருந்து இங்கே வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. பிரான்சில் இந்த நிகழ்வுக்கு "இளைஞன் வாழ்வை அடக்கம் செய்தல்" என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் ஆண்மானின் பெயரால் "ஸ்டாக்" என்கிறார்கள், மணப்பெண்ணின் தோழிகள் கூடுவதைக் கோழியின் பெயரால் "ஹென்" என்கிறார்கள். அங்கே மாப்பிள்ளைத் தோழன்தான் ஏற்பாட்டுக்குப் பொறுப்பு. முன்பு திருமணத்துக்கு முந்தைய இரவே நடத்திய வழக்கத்தை இப்போது பல வாரங்கள் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் காலை தேவாலயத்தில் தள்ளாடிய மாப்பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது என்று நினைக்கிறேன். மாப்பிள்ளைக்கு வேடம் போட்டுத் தெருவில் நடக்கவிடுவதும் உண்டு. அதை ரசிக்கிறவனுக்கு அது பொருந்தும். உங்கள் நண்பனுக்குப் பொருந்தாது.

நான் பரிந்துரைப்பது பெத்தாங். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்கள் வழியாக வந்த இரும்புக் குண்டு விளையாட்டு இது, இன்றும் ஆடுகிறார்கள். இதற்கு நீச்சல் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், கத்தவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு எறிக்கும் பத்து நிமிடம் வாதாடலாம். சின்ன மரக்குண்டு ஒன்றை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் போட்டுவிட்டு, வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று அதற்கு அருகில் இரும்புக் குண்டை எறிய வேண்டும். மூன்று பேர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு குண்டு, இருவர் அணி என்றால் ஆளுக்கு மூன்று. முதலில் 13 புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. குண்டு ஒவ்வொன்றும் 650 கிராமுக்குக் குறையாது, ஆகவே எறிகிற ஆளுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இது ஒன்றுதான் எச்சரிக்கை. எட்டு, ஒன்பது பேர் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் குண்டுகளை இரவல் வாங்கலாம். இறுகிய மண்தரை இருந்தால் போதும்.

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

அமைதி விரும்புகிறவருக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை விட வேறு இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. காலை முதல் படகாகத் துடுப்புப் படகை எடுத்து உள்ளே போங்கள். மோட்டார் படகு அகன்ற வாய்க்காலோடு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் கூரை போல வளைந்து நிற்கிற குறுகிய ஓடைக்குள் நுழையும். உள்ளே போனதும் படகோட்டி துடுப்பை நிறுத்துவார். நீர் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. வேரில் ஏறும் நண்டு, மேலே நாரை, உப்பு வாடை, இவ்வளவுதான். தில்லை மரத்தை மட்டும் தொட வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் வந்திருக்கும். நீச்சல் தெரியாதவர் என்பதால் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், வெறுமனே தோளில் மாட்டிக்கொள்வதில் பயன் இல்லை.

தவளக்குப்பம் வேன் எழுதியது:

நான் பதினாறு வருடமாக வேன் ஓட்டுகிறேன். இப்படிப்பட்ட குழுக்களை நிறையவே ஏற்றி இறக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பிச்சாவரம் கடலூருக்குத் தெற்கே, புதுச்சேரி வடக்கே. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் மாப்பிள்ளை வண்டியிலேயேதான் இருப்பார். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தேதி. டிசம்பர் 31-ஐ ஒட்டிய நாள்களில் புதுச்சேரி வேண்டவே வேண்டாம். அறை வாடகை எகிறும், வெள்ளை நகரப் பகுதிக்குள் வண்டி விடமாட்டார்கள், அரியாங்குப்பம் பாலத்திலேயே நெரிசலில் நிற்க வேண்டும். டிசம்பரில் முழு முன்பணமும் கட்டாதீர்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. புத்தாண்டு முடிந்து வருகிற சனிக்கிழமை நல்லது. கூட்டம் வடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், பொங்கல் நெரிசலும் தொடங்கியிருக்காது.

மூன்றாவது, மது. குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு குடிக்கட்டும். புதுச்சேரியில் 18 வயது, தமிழ்நாட்டில் 21 என்பதெல்லாம் உங்கள் வயதுக்குக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது எல்லைச் சோதனைச் சாவடிகள் உள்ள முள்ளோடையும் ஆல்பேட்டையும்தான். புதுச்சேரிச் சரக்கை ஆல்பேட்டை தாண்டிக் கொண்டுபோனால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகலாம். மிச்சம் இருந்த பாட்டிலை ஒருவன் பையில் போட்டுக்கொண்டு வந்ததால், குடிக்காத மாப்பிள்ளை உட்பட எல்லோரும் சோதனைச் சாவடியில் இரவு இரண்டு மணி வரை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நண்பரின் சொந்தக் காரை வாடகை பேசி எடுக்காதீர்கள். மஞ்சள் பலகை வண்டியாகவும், புதுச்சேரிக்குள் வர அனுமதி உள்ளதாகவும் பார்த்து, ஓட்டுநரோடு எடுங்கள். ஓட்டுநருக்கும் சேர்த்துச் சாப்பாடு, படுக்கை சொல்லிவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

கடலில் இறங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் கடல் ஓரத்தில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் வெள்ளிக் கடற்கரையிலும் சரி, சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துப் பக்கமும் சரி, மணல் மென்மையாக இருப்பதால் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே காலடி மணலை அலை உருவிக்கொண்டு போகும். குடித்தவர்களும் நீச்சல் தெரியாதவர்களும் இறங்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து பார்க்கிற கடலே போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை நடப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சாலை. பாறைகளில் இறங்காமல் மேலே நடந்தால் நல்ல காற்று.

வடலூர் அன்பர் எழுதியது:

தம்பி, வள்ளலார் வழி என்று நீங்கள் எழுதியதால் வந்தேன். 1867-இல் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவருக்குச் சோறு போடுவதை வழிபாடாகவே கொண்ட வழி அது. அந்த வழியில் வளர்ந்த பிள்ளைக்குச் சமையலில் கை இருக்குமே? அவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்து நண்பன் எழுதியது:

ஐயா, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! நாங்கள் எங்கே போனாலும் சமையல் அவன்தான். கல்லூரிக் காலத்தில் கொல்லிமலைக்குப் போனபோது மூன்று கல்லை வைத்து மழையில் வெண்பொங்கல் செய்தவன். அதனால்தான் இந்த முறை அவனை அடுப்பருகே விடக் கூடாது, மாப்பிள்ளையாக உட்கார வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அக்கா சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். பிடிக்காதது என்னவென்றால், யாராவது மைக்கில் தன்னைப் பற்றிப் பேசுவது, கேக்கை முகத்தில் பூசுவது, "ஒரு வாய் மட்டும்" என்று கிளாஸை நீட்டுவது. கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் என்று இரண்டு பெயர் சொன்னான். ஒருவன் மாலை போட்டவன், இன்னொருவன் வேலை இல்லாதவன். படுக்க வேண்டிய நேரம் பதினொரு மணி.

வடலூர் அன்பர் எழுதியது:

அப்படியானால் அவரை அடுப்பை விட்டு விலக்காதீர்கள். அவருக்கு மகிழ்ச்சி தருவதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு மாலை போட்டு உட்கார வைத்தால் அது யாருக்கான மரியாதை? கரண்டி அவர் கையில் இருக்கட்டும். காய் நறுக்குவது, தண்ணீர் சுமப்பது, விறகு தள்ளுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் மற்ற எட்டுப் பேர் செய்ய வேண்டும். சாப்பிடும்போது முதல் இலை அவருக்கு. மார்கழி, தை மொச்சைக்காலம். இரவே ஊறப் போட்டு வையுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

ஐயா சொன்னது எனக்கும் தோன்றாத கோணம். செலவு பற்றி ஒரு யோசனை: ஒருவர் மட்டும் பொறுப்பாக இருந்து, ஒவ்வொருவரிடமும் தனியாக "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். வந்த தொகைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதையே தலைக்கு இவ்வளவு என்று அறிவியுங்கள். அதிகம் தர முடிந்தவர்கள் வேன் வாடகை, வீட்டு வாடகை போன்ற பொதுச் செலவில் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு என்பது வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது. வேலை இல்லாத நண்பர் பெயரை மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார் என்றால், பணத்தால் அவர் வராமல் போய்விடுவார் என்ற கவலை அவருக்கு முன்பே இருந்திருக்கிறது.

பெங்களூரில் பண்ருட்டிக்காரன் எழுதியது:

"ஒரு வாய் மட்டும்" என்று கிளாஸை நீட்டியவர்களில் நானும் ஒருவன், வேறொரு நண்பனிடம். அவன் முகம் இப்போது நினைவுக்கு வருகிறது. நான் முன்பு எழுதியதை முழுவதுமாகத் திரும்பப் பெறவில்லை. வெளியூர் நண்பர்களுக்கும் இடம் கொடுங்கள், ஆனால் அதை வேறு நேரத்தில் கொடுங்கள். அவர்கள் வெள்ளிக்கிழமை இரவே புதுச்சேரி வந்து, தங்கள் அறையில் தங்கள் விருப்பப்படி இருந்துகொள்ளட்டும். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு மாப்பிள்ளையின் நாளுக்கு வரட்டும். நேரடியாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சுற்றி வளைத்துச் சொன்னால்தான் கோபம் வரும்.

மஞ்சக்குப்பத்து நண்பன் எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பின்):

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடந்த சனிக்கிழமை நடந்து முடிந்தது. கேட்டவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

தவளக்குப்பத்துக்கு உள்ளே, தென்னந்தோப்போடு கூடிய ஒரு வீட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். தலைக்கு 900 ரூபாய் என்று அறிவித்தோம். பொதுச் செலவில் யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்பது எனக்கும் இன்னொருவனுக்கும் மட்டுமே தெரியும். வெளியூர் நண்பர்களிடம் நேரடியாகப் பேசினேன். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை, பிறகு அவனும் வந்தான். வெள்ளி இரவு அவர்கள் தனியாகத் தங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய வீட்டு நெய் கொண்டுவந்து கொடுத்தார்.

மொச்சையை முந்தைய இரவே ஊறப் போட்டிருந்தோம். சனிக்கிழமை காலை தோப்பில் பாயை விரித்து, பெரிய அன்னக்கூடையை நடுவில் வைத்து எல்லோரும் பிதுக்க உட்கார்ந்தோம். ஊறிய மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் மட்டும் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிப் பறக்கும். முதல் கால் மணி நேரம் பாதிப் பருப்பு மண்ணில்தான் விழுந்தது. வெளியூர் நண்பன் ஒருவன் அவசரத்தில் நசுக்கி நசுக்கி மாவாக்கினான். மாப்பிள்ளை எழுந்து வந்து அவன் விரலைப் பிடித்து, "நுனியில் பிடி, முளை பக்கமாகத் தள்ளு" என்று காட்டினான். இரண்டு மணி நேரம் கையும் வாயும் ஓயவில்லை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், வெள்ளத்தில் மிதந்த சைக்கிள், யாரும் யாரிடமும் சொல்லாத இரண்டு காதல் கதைகள், இறந்துபோன எங்கள் பத்தாவது நண்பன் எல்லாம் அந்த அன்னக்கூடையைச் சுற்றித்தான் வந்தார்கள். அந்த நண்பனைப் பற்றிப் பேசும்போது மாப்பிள்ளை கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாமல் பிதுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு, "அவன் இருந்திருந்தால் பாதியைப் பச்சையாகவே தின்றிருப்பான்" என்றான்.

பிதுக்குப் பருப்புக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, அம்மா கொடுத்த நெய். மாலை போட்டவர்கள் முதற்கொண்டு எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம், யாருக்கும் தனிப் பாத்திரம் தேவைப்படவில்லை. முதல் இலை மாப்பிள்ளைக்குத்தான். அவன் பரிமாற எழுந்தபோது இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வடலூர் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

பாரிஸ் நண்பருக்கு: முத்தியால்பேட்டை நண்பர் வழியாக ஆறு குண்டு கிடைத்தது. ஆளுக்கு ஒன்று என்று விதியை மாற்றிக்கொண்டு, மூன்றுக்கு மூன்றாக மாறி மாறி ஆடினோம். எது மரக்குண்டுக்கு அருகில் என்று அளக்கத் தென்னை ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு செய்த வாதம் இன்னும் தீரவில்லை. மாப்பிள்ளை அணி 13-க்கு 11-இல் தோற்றது. அவன் இப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையில் இருந்து பழைய சாராய ஆலைப் பக்கம் வரை நடந்தோம். மாலை போட்டவர்கள் அதற்கு முன்பே பூசைக்காகக் கடலூர் திரும்பிவிட்டார்கள். பதினொரு மணிக்கு மாப்பிள்ளை படுத்துவிட்டான், நாங்கள் வெளித் திண்ணைக்குப் போய் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

குறை என்று சொன்னால் இரண்டு. பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரும் சாம்பலும் போதும் என்று நினைத்தோம், அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கொசுவத்தி வாங்க மறந்துவிட்டோம், தோப்பு வீட்டில் அது பெரிய பிழை. பிச்சாவரத்தைப் பற்றி நெய்வேலி நண்பர் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். திருமணம் முடிந்து மனைவியோடு போகிறேன் என்றான், படகுத்துறையில் எத்தனை மணிக்கு முதல் படகு என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான்.

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. அடுத்த வாரம் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கம் போகிறேன், படகுத்துறையில் நேரில் கேட்டு இங்கேயே எழுதுகிறேன். இருவருக்கும் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.